வரி கட்டத்தான் வழி கேட்கிறேன்

கலால், சுங்க விதிகளை எழுதுகிற அதிகாரிகளுக்கும், எல்லை தாண்டும் மதுபான வணிகம் பற்றிப் பேசி முடிவெடுக்கும் குழுவினருக்கும்:

நீங்கள் வெளியிட்டிருக்கும் வரைவு அறிவிப்பை மூன்று முறை படித்தேன். எல்லை தாண்டி வருகிற பீர் ஒரு கண்டெய்னர் நிறைய இருந்தாலும் சரி, ஒரே ஒரு பேலட்டாக (பெட்டிகளை அடுக்கிக் கட்டிய ஒரு தட்டு) இருந்தாலும் சரி, இனி ஒரே பதிவு, ஒரே பிணையத் தொகை, ஒரே சோதனை என்கிறது அது. சிறிய சரக்குக்கு இதுவரை இருந்த சுருக்கமான நடைமுறை போய்விடுகிறது. லேபிள் பதிவை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், உள்ளே இருக்கும் பீரில் ஒரு சொட்டு மாறாவிட்டாலும். இதற்கு 'எல்லோருக்கும் சமமான நடைமுறை' என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்.

நான் பன்னிரண்டு வருடமாகப் பீர் காய்ச்சுகிறேன். ஒரு தடவைக்கு ஐந்நூறு லிட்டர். என்னோடு மூன்று பேர் வேலை பார்க்கிறார்கள். யானைக்கும் எறும்புக்கும் ஒரே அளவில் செருப்புத் தைத்துவிட்டு அதைச் சமம் என்று சொன்னால், எறும்பு அந்தச் செருப்புக்குள்ளேயே வழி தெரியாமல் செத்துப்போகும். அதனால்தான் இந்த மடல்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடி குடியைக் கெடுக்கும் என்பதை நான் மறுக்கப்போவதில்லை. சோப்பு விற்பதுபோல மதுவை விற்கக்கூடாது என்பதில் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடே கிடையாது. வயது வராதவர் கைக்குப் போகக்கூடாது, வரி ஏய்க்கக்கூடாது, உள்ளே என்ன இருக்கிறது என்பதை மறைக்கக்கூடாது. இந்த மூன்றில் எதையும் தளர்த்தச் சொல்லி நான் கேட்கவில்லை. வரியைக் குறைக்கவும் கேட்கவில்லை. கட்ட வேண்டிய வரியைக் கட்டிவிட்டு, காய்ச்சிய பீரை அது கெடுவதற்குள் வாங்குகிறவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு வழி வேண்டும். அந்த வழியைத்தான் இந்த அறிவிப்பு அடைக்கிறது.

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சிறு இறக்குமதியாளர் எங்கள் பீரைக் கேட்டார். பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் ஹாப்ஸ் என்ற பூவைத் தூக்கலாகப் போட்டுச் செய்கிற வகை. அறுபது பெட்டி, பெட்டிக்கு 24 கேன், ஆக மொத்தம் 1,440 கேன். எங்களுக்கு அது ஒரு முழு பேட்ச், ஒரு தடவை காய்ச்சுவது மொத்தமும். இந்த வகைப் பீர் பூவைப் போன்றது. பறித்த நாளிலிருந்தே வாடத் தொடங்கிவிடும். ஹாப்ஸின் வாசனை எண்ணெய்கள் சீக்கிரம் போய்விடும், சூட்டில் இன்னும் சீக்கிரம். நாங்கள் பீரைச் சூடாக்கிப் பதப்படுத்துவதும் இல்லை, வடிகட்டுவதும் இல்லை. அதனால் கேனின் கழுத்தில் 'குளிரில் வைக்கவும்' என்று அச்சடிக்கிறோம். அடியில் அடைத்த தேதியும் இருக்கும்.

லேபிள் அனுமதி, ஆய்வக அறிக்கை, வரிப் பிணையம், வெளியேற்ற அனுமதி, உள்நுழைவு அனுமதி எல்லாம் வாங்கி முடிக்கவே நான்கு மாதம் ஆனது. வாங்கிய பிறகுதான் காய்ச்சினோம், புத்தம் புதிதாகப் போகட்டும் என்று. எல்லையைத் தாண்டிய மறுநாள் சரக்கு ஒரு சுங்கக் கிடங்கில் நின்றுவிட்டது. ஒன்பது நாள் கழித்து ஒரு பக்கக் கடிதம் வந்தது. லேபிளில் இறக்குமதியாளர் முகவரியின் எழுத்து உயரம் 2 மில்லிமீட்டர் இருக்க வேண்டுமாம். போதிய உயரம் இல்லையாம்.

கேன் மூடியின் மடிப்பைச் சோதிக்க எங்களிடம் ஒரு அளவுகோல் உண்டு. மடிப்பு ஒரு இழை தளர்ந்தாலும் காற்று உள்ளே போய்விடும் என்பதால் ஒவ்வொரு ஓட்டத்திலும் சில கேன்களை எடுத்து அளப்போம். அதே கருவியை எடுத்து, கையிலிருந்த மாதிரிக் கேனில் அந்த முகவரியை எழுத்தெழுத்தாக அளந்தேன். 1.8 மில்லிமீட்டர். நீங்கள் சொன்னது சரிதான். ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அந்த லேபிளின் மாதிரியை நான்கு மாதத்துக்கு முன்பே அனுமதிக்கு அனுப்பி, முத்திரை குத்தி வாங்கியிருந்தேன். ஆனால் அனுமதிப் பிரிவு பார்த்தது திரையில் பெரிதாக்கிய படத்தை, கிடங்கில் பார்த்தது கேனை. இரண்டு மேசைக்கும் நடுவில் அந்த 0.2 மில்லிமீட்டர் விழுந்துவிட்டது.

தவறு என்னுடையது என்றே வைத்துக்கொள்வோம். சரிசெய்ய என்ன வழி? சரியான உயரத்தில் முகவரியை அச்சடித்து ஒட்டுவில்லை அனுப்புகிறேன், கிடங்கிலேயே ஒட்டிவிடட்டும் என்று கேட்டேன். அது 'மறுபொதியிடல்' ஆகிவிடும், அதற்குத் தனி உரிமம் வேண்டும், அந்தக் கிடங்குக்கு அது இல்லை என்று பதில் வந்தது. வேறு கிடங்குக்கு மாற்றலாமா என்றால், அதற்குப் புதிய நடமாட்ட அனுமதி. சரி, வேண்டாம், திருப்பி அனுப்புங்கள் என்றேன். திருப்பி அனுப்ப என் பக்கத்து அதிகாரிகளிடமிருந்து மறுநுழைவு அனுமதி. கிடங்கில் இருந்த அதிகாரி நல்ல மனிதர். போனில் எனக்காக வருத்தப்பட்டார். "என் கையில் எதுவும் இல்லைங்க" என்றார். உண்மைதான். அவர் கையில் எதுவும் இல்லாதபடி விதியை எழுதியது நீங்கள்.

நாற்பத்தேழாம் நாள் பேலட் திரும்பி வந்தது. அதில் ஒரு நாளும் அது குளிரூட்டிய அறையில் இல்லை. ஒரு கேனை உடைத்துக் கண்ணாடிக் குவளையில் ஊற்றினேன். நுரை நன்றாகத்தான் எழும்பியது. மூக்கருகே கொண்டுபோனால், பழத் தோலின் வாசனை வர வேண்டிய இடத்தில் நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை. பீர் காய்ச்சுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வாடை அது, காற்றுப் பட்டுப் பழசானதன் அடையாளம். என்னோடு வேலை செய்யும் பெண் ஒரு வாய் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் குவளையைக் கழுவப் போய்விட்டார்.

கொட்டிவிடலாம் என்றால் அதுவும் நம் இஷ்டத்துக்கு முடியாது. வரியைத் திரும்பக் கேட்பதென்றால் அதிகாரி ஒருவர் முன்னிலையில் அழிக்க வேண்டும். அவருக்கு நாள் கிடைக்க இன்னும் மூன்று வாரம். 1,427 கேன்களை ஒவ்வொன்றாக உடைத்து ஊற்ற நான்கு பேருக்கு ஒரு பகல் முழுக்கத் தேவைப்பட்டது. பன்னிரண்டை மட்டும் கணக்கில் காட்டி, வரி கட்டி, ஆதாரத்துக்காக எடுத்து வைத்திருக்கிறேன்.

இது ஏதோ என் துரதிர்ஷ்டம், ஆயிரத்தில் ஒன்று என்று நீங்கள் நினைக்கலாம். அப்படி இல்லை. கணக்கு அப்படித்தான் போடப்பட்டிருக்கிறது.

ஒரு லேபிளைப் பதிவு செய்ய ஆகும் கட்டணமும், சோதனைச் செலவும், தரகருக்குக் கொடுப்பதும் சரக்கின் அளவைப் பார்த்து மாறுவதில்லை. பெரிய ஆலை ஒரே லேபிளில் லட்சக்கணக்கான பாட்டில்களை அனுப்பும். அந்தச் செலவு ஒரு பாட்டிலுக்கு ஒரு தூசு. எனக்கு அதே செலவை 1,440ஆல் வகுக்க வேண்டும். அதோடு, சிறு ஆலை என்றால் வருடத்துக்கு ஒரே பீரைச் செய்துகொண்டிருக்காது. நாங்கள் போன வருடம் பதினேழு விதமாகக் காய்ச்சினோம். பதினேழு லேபிள், பதினேழு பதிவு, எல்லை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக. இனி அவற்றை வருடா வருடம் புதுப்பிக்கவும் வேண்டும் என்கிறீர்கள். சோதனைக்கு என்று ஒவ்வொரு விதத்திலும் நீங்கள் கேட்கிற மாதிரிக் கேன்களைச் சேர்த்தால், சில சமயம் அந்தப் பக்கம் விற்றதைவிட ஆய்வகத்துக்குக் கொடுத்தது அதிகமாக இருந்திருக்கிறது. பிணையத் தொகை வேறு. வரி போய்ச் சேருமா என்ற பயத்துக்காக நீங்கள் பிடித்து வைக்கும் பணம், சரக்குக்கு விழக்கூடிய வரியைவிடப் பல மடங்கு பெரியதாக இருந்தால், அந்தப் பயத்தை எப்படி அளந்தீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

அப்புறம், நேர்மையாகச் செய்தாலும் மாட்டிக்கொள்கிற இடம் ஒன்று உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விதி எழுதுகிற மேசையில் பீர் காய்ச்சியவர் யாரும் இல்லை என்பது இதில்தான் தெரிகிறது.

ஈஸ்ட் ஓர் உயிர். ஒரே மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி), ஒரே சூடு, ஒரே நாள் கணக்கு என்று வைத்தாலும் ஒரு தடவை சர்க்கரையைக் கொஞ்சம் கூடுதலாகத் தின்னும், ஒரு தடவை கொஞ்சம் மிச்சம் வைக்கும். லேபிளில் 6.5 சதவீதம் என்று போட்ட பீர் அளந்து பார்த்தால் 6.9 வரும். பெரிய ஆலைகள் பல தொட்டிகளைக் கலந்து, நீர் சேர்த்து, கடைசிப் புள்ளிவரை சரிசெய்துவிடும். எங்களிடம் இருப்பது ஒரே தொட்டி. ஐரோப்பிய ஒன்றியத்தின் லேபிள் விதியில் 5.5 சதவீதத்துக்கு மேற்பட்ட பீருக்கு ஒரு சதவீதப் புள்ளிவரை ஏற்ற இறக்கம் அனுமதி. அமெரிக்காவில் 0.3தான். அதாவது அதே கேன் ஒரு கரையில் உண்மை பேசுகிறது, மறு கரையில் பொய் சொல்கிறது. எது சரி என்று நான் வாதாட வரவில்லை. ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

வரி போடுகிற அடிப்படையும் இப்படித்தான். சில நாடுகள் முடிந்த பீரில் இருக்கும் ஆல்கஹாலைப் பார்த்து வரி போடுகின்றன. சில நாடுகள், உதாரணமாக ஜெர்மனி, நொதிப்பதற்கு முன்னால் மால்ட்டின் இனிப்புக் கரைசல் எவ்வளவு அடர்த்தியாக இருந்தது என்பதைப் பிளேட்டோ என்ற அளவில் கணக்கிட்டு வரி போடுகின்றன. (தத்துவஞானி பிளேட்டோவுக்கும் பீருக்கும் சம்பந்தமில்லை. இது ஃபிரிட்ஸ் பிளேட்டோ என்ற ஜெர்மானியரின் பெயர்.) ஐரோப்பிய ஒன்றிய விதி இரண்டு வழியையும் ஏற்கிறது. ஈஸ்ட் சர்க்கரையை மிச்சம் வைத்த ஒரு பீர் முதல் கணக்கில் மென்மையானது, இரண்டாவது கணக்கில் கனமானது. ஒரே தொட்டியிலிருந்து இரண்டு எல்லைக்கு அனுப்பினால் இரண்டு விதமான பதிவேடு, இரண்டு விதமான அளவைச் சான்று. பெரிய ஆலைக்கு இதற்கென்று ஒரு துறையே இருக்கும். எனக்கு இரவு பதினொரு மணி இருக்கிறது.

இந்த மதில்கள் ஏன் எழுப்பப்பட்டன என்பது எனக்குத் தெரியும். அமெரிக்காவில் மதுவிலக்குக்கு முந்தைய காலத்தில் பெரிய பீர் ஆலைகளே மதுக்கடைகளையும் கையில் வைத்துக்கொண்டு, தங்கள் சரக்கை மட்டும் ஊற்றி ஊற்றிக் கொடுத்தன. 1933இல் 21ஆம் திருத்தம் மதுவிலக்கை முடித்தபோது, மதுவை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மாநிலங்களுக்குப் போனது. ஆலை, விநியோகஸ்தர், கடை என்று மூன்று அடுக்கு வந்தது. ஒருவர் மற்றவரை விழுங்கக்கூடாது என்பது நோக்கம். நல்ல நோக்கம். ஆனால் தொண்ணூறு வருடம் கழித்து அந்த அடுக்குகளில் யார் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்று பாருங்கள். பெரிய ஆலை கேட்டால் விநியோகஸ்தர் ஓடி வருகிறார். சிறு ஆலைக்கு அறுபது பெட்டியை ஏற்றிக்கொள்ள ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தவரோடு ஒருமுறை கையெழுத்துப் போட்டுவிட்டால், பல மாநிலச் சட்டங்களில் அவரை விட்டு வெளியே வருவது எளிதில்லை. யானையைத் தடுக்கக் கட்டிய மதிலை யானை தாண்டிப் போய்விட்டது, ஆடுதான் இந்தப் பக்கம் நிற்கிறது.

ஒயினுக்கு அங்கே 2005இல் ஒரு வழி பிறந்தது. உள்ளூர் ஒயின் ஆலை வாடிக்கையாளருக்கு நேரடியாக அனுப்பலாம், வெளி மாநில ஆலை அனுப்பக்கூடாது என்று சில மாநிலங்கள் வைத்திருந்த பாகுபாடு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்று பெரும்பாலான மாநிலங்கள் ஒயினை அப்படி அனுப்ப அனுமதிக்கின்றன. பீருக்கு அந்தக் கதவு மிகச் சில மாநிலங்களில்தான் திறந்திருக்கிறது. திராட்சையில் செய்தால் வீட்டுக்கு வரலாம், பார்லியில் செய்தால் வரக்கூடாது என்பதற்கு யாராவது ஒரு காரணம் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். ஆல்கஹால் அளவைப் பார்த்தால் பீர்தானே குறைவு?

நாட்டுக்குள்ளேயே எல்லை இருப்பது அங்கே மட்டுமில்லை. இந்தியாவில் மது மாநிலப் பட்டியலில் இருக்கிறது. 2017இல் வந்த ஜிஎஸ்டியும் குடிக்கும் மதுவைத் தொடவில்லை. ஒரு மாநிலத்தில் பதிவான லேபிள் அடுத்த மாநிலத்தில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கனடாவில் ஓய்வுபெற்ற ஒருவர் 2012இல் கியூபெக்கில் பீர் வாங்கித் தன் காரில் நியூ பிரன்ஸ்விக்குக்குக் கொண்டுவந்தார். பிடித்தார்கள், அபராதம் போட்டார்கள். ஒரு மாகாணத்தின் விளைபொருள் மற்ற மாகாணங்களில் தடையின்றி அனுமதிக்கப்படும் என்று அந்த நாட்டின் 1867ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் 121ஆம் பிரிவு சொல்கிறதே என்று அவர் வாதாடினார். முதல் நீதிமன்றம் விடுவித்தது. 2018இல் உச்ச நீதிமன்றம், மாகாணம் மதுவைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்க அதிகாரம் உண்டு, வணிகத்தைத் தடுப்பது அந்த விதியின் முதன்மை நோக்கமாக இருந்தால்தான் தவறு என்று முடித்தது.

அந்தத் தீர்ப்பை உங்களில் சிலர் எனக்கு எதிராக எடுத்துக் காட்டுவீர்கள் என்று தெரியும். காட்டுங்கள். அதிகாரம் உண்டு என்றுதான் நீதிமன்றம் சொன்னது. அந்த அதிகாரத்தை 0.2 மில்லிமீட்டருக்குப் பயன்படுத்துவது புத்திசாலித்தனம் என்று சொல்லவில்லை.

எதிர்ப்பக்க உதாரணமும் இருக்கிறது. பவேரியாவில் 1516இல் வந்த தூய்மை விதி, பீரில் தண்ணீர், பார்லி, ஹாப்ஸ் தவிர வேறெதுவும் கூடாது என்றது. அந்த வழியில் வந்த சட்டத்தைக் காட்டி, வேறு பொருள் சேர்த்த வெளிநாட்டுப் பீரைப் பீர் என்ற பெயரில் விற்கக்கூடாது என்று ஜெர்மனி தடுத்து வைத்திருந்தது. 1987இல் ஐரோப்பிய நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. குடிக்கிறவருக்குத் தெரிய வேண்டும் என்றால் லேபிளில் எழுதினால் போதும், கதவைச் சாத்த வேண்டியதில்லை என்பது அதன் சாரம். அதற்குப் பிறகு ஜெர்மன் பீர் ஒன்றும் அழிந்துபோகவில்லை. அவர்கள் பழைய முறைப்படியே பெருமையாகக் காய்ச்சிக்கொண்டிருக்கிறார்கள், வேண்டியவர்கள் மற்றதையும் வாங்குகிறார்கள்.

இன்னொரு விஷயத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என் பீருக்கு ஹாப்ஸ் அமெரிக்காவின் யாக்கிமா பள்ளத்தாக்கிலிருந்து வருகிறது, சில சமயம் ஜெர்மனியின் ஹாலெர்டாவிலிருந்து, சில சமயம் செக் நாட்டின் ஜாடெட்ஸிலிருந்து. ஈஸ்ட் ஒரு சின்னப் பொட்டலத்தில் கூரியரில் வந்து இறங்குகிறது. எல்லாம் எல்லை தாண்டித்தான் வருகின்றன, வாரக் கணக்கில் யாரும் பிடித்து வைப்பதில்லை. இவற்றை ஒரே பானையில் போட்டுக் காய்ச்சிவிட்டால் மட்டும் எல்லை திடீரென்று உயரமாகிவிடுகிறது. பேலட் திரும்பி வந்த பிறகு அந்தப் பக்கத்து நண்பர் ஒருவரோடு சேர்ந்து என்ன செய்தோம் தெரியுமா? என் செய்முறையை மின்னஞ்சலில் அனுப்பினேன். அவர் தன் ஆலையில் அதைக் காய்ச்சினார். அவருடையதை நான் இங்கே காய்ச்சினேன். நன்றாகத்தான் வந்தது, ஆனால் அது அவருடைய தண்ணீர், அவருடைய பீர். என் பெயரைப் போட்டுக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருந்தது.

வருமானம் போய்விடும் என்பது உங்கள் பயம் என்றால், இப்போது போய்க்கொண்டிருப்பதை முதலில் பாருங்கள். சட்டப்படி வாங்க வழியில்லாத ஆட்கள் பயணம் போகிறவர்களிடம் சொல்லி வரவழைக்கிறார்கள். துணிகளுக்கு நடுவில் சுற்றி, பெட்டியில் அடைத்து வருகிறது. கூரியர் பொட்டலத்தின் மேல் 'கண்ணாடிச் சாமான்', 'ஈஸ்ட் மாதிரி' என்று எழுதி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது இந்தத் தொழிலில் ஊரறிந்த ரகசியம். அதில் உங்களுக்கு ஒரு காசு வரி வருவதில்லை, வாங்குகிறவரின் வயதையும் யாரும் பார்ப்பதில்லை. நான் அப்படி அனுப்பியதில்லை. கேட்டவர்களிடம் முடியாது என்று சொல்லியே சில வாடிக்கையாளர்களை இழந்திருக்கிறேன். விதியை மதிக்கிறவனுக்கு நட்டம், மதிக்காதவனுக்குச் சரக்கு என்றால் அந்த விதி யாரைக் காப்பாற்றுகிறது?

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஒருவர் பக்கத்து நாட்டுக்குப் போய், சொந்த உபயோகத்துக்கு என்று 110 லிட்டர் பீர்வரை கொண்டுவந்தால் பொதுவாக யாரும் கேள்வி கேட்பதில்லை. அதே ஆள் வீட்டில் உட்கார்ந்தபடி ஆலையிடம் பன்னிரண்டு கேன் கேட்டால், அனுப்புகிற ஆலை முன்கூட்டியே அவருடைய நாட்டில் பதிவு செய்து, கலால் வரிக்குப் பிணையம் வைத்து, அங்கேயே வரி கட்ட வேண்டும். இத்தனைக்கும் ஒரு சட்டையையோ விளக்கையோ விற்றால், மதிப்புக் கூட்டு வரியை எல்லா நாட்டுக்கும் சேர்த்து ஒரே இணையச் சாளரத்தில் கட்டும் வசதி 2021 ஜூலையிலிருந்து இருக்கிறது. அந்தச் சாளரத்தில் கலால் வரிக்கு இடமில்லை. தொழில்நுட்பத்தால் முடியாது என்று இனி யாரும் சொல்ல முடியாது. மனம் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

மனம் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் அங்கேயே ஆதாரம் இருக்கிறது. வருடத்துக்கு 2 லட்சம் ஹெக்டோலிட்டருக்கு (ஒரு ஹெக்டோலிட்டர் என்பது நூறு லிட்டர்) மேல் போகாத, வேறு ஆலையைச் சாராத சிறு ஆலைக்கு வரியில் பாதிவரை சலுகை கொடுக்கலாம் என்று 1992ஆம் ஆண்டு வழிகாட்டு விதி வைத்தது. கொடுக்கிற நாடு வேறு உறுப்பு நாட்டுச் சிறு ஆலையின் பீருக்கும் அதையே கொடுக்க வேண்டும். ஆனால் நான் சிறு ஆலைதான் என்று பக்கத்து நாட்டு அதிகாரியிடம் எப்படி நிரூபிப்பது? அதற்கு 2022இலிருந்து எல்லா நாடும் ஏற்கும் ஒரே மாதிரிச் சான்றிதழ் வந்துவிட்டது. அமெரிக்கா தன் நாட்டுச் சிறு ஆலைக்கு மட்டும் குறைந்த வரி போட்டது தவறு என்று 1992இல் காட் (GATT) என்ற பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் தகராறுக் குழு ஒன்று சொன்னது. 2018இலிருந்து வெளிநாட்டு ஆலையும் தன் இறக்குமதியாளர் வழியாகக் குறைந்த விகிதத்தைப் பெற அங்கே வழி இருக்கிறது. தாமதமாகத்தான் வந்தது, இருந்தாலும் வந்தது. நீங்கள் போகிற திசையோ இதற்கு நேர் எதிர்.

ஆகவே நான் கேட்பது இவை.

முதலில், சிறு சரக்குக்கான சுருக்க நடைமுறையை நீக்கும் பிரிவை வரைவிலிருந்து எடுங்கள். அதை மாற்றியே தீர வேண்டும் என்றால், சிறு ஆலைகளைச் சேர்ந்தவர்களை நேரில் கேட்காமல் அறிவிப்பை நடைமுறைக்குக் கொண்டுவராதீர்கள். கருத்துச் சொல்ல நீங்கள் கொடுத்திருக்கும் முப்பது நாள், காய்ச்சி இறக்குகிற ஒரு பேட்ச்சுக்கே சரியாகப் போய்விடும். தொண்ணூறு நாளாக்குங்கள்.

லேபிள் பதிவுக் கட்டணமும் பிணையத் தொகையும் சரக்கின் அளவோடு ஏறி இறங்க வேண்டும். பீரும் லேபிளும் மாறாதவரை ஒருமுறை செய்த பதிவு செல்லட்டும். ஒரு எல்லையில் அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் கொடுத்த அறிக்கையை மறு எல்லையும் ஏற்கட்டும். எத்தனால் எந்தக் கரையில் அளந்தாலும் எத்தனால்தான்.

அனுமதி கொடுத்த லேபிளை எல்லையில் மறுக்கக்கூடாது. உடல்நலத்துக்கோ வரிக்கோ சம்பந்தமில்லாத அச்சுப் பிழை இருந்தால், சுங்கக் கிடங்கிலேயே ஒட்டுவில்லை ஒட்டித் திருத்த அனுமதியுங்கள். அதற்குப் பத்து நாள் கெடு வையுங்கள், அந்தக் கெடு உங்களுக்கும் பொருந்தட்டும். குளிரில் வைக்கவும் என்று எழுதியிருக்கும் சரக்கைக் குளிரில் வையுங்கள். வாடகையை நாங்களே கட்டுகிறோம்.

சிறு ஆலை என்பதற்கு எல்லோரும் ஏற்கும் ஒரே சான்றிதழும், எந்த எல்லைக்கு அனுப்பினாலும் கலால் வரியைக் கட்ட ஒரே இணையச் சாளரமும் வேண்டும். வீட்டுக்கு நேரடியாக அனுப்புவதைப் பற்றிப் பேசும்போது வயதுச் சோதனையைக் காரணம் காட்டி முடித்துவிடாதீர்கள். கொடுக்கும்போது அடையாள அட்டையைப் பார்த்து, வயது வந்தவரிடம் மட்டும் கையெழுத்து வாங்கிக் கொடுக்கும் முறை ஒயினுக்கு ஏற்கெனவே நடக்கிறது. தவறினால் என் உரிமத்தை ரத்து செய்யுங்கள், நான் எதிர்த்துப் பேசமாட்டேன்.

கடைசியாக ஒன்று. இந்த விதிகளை எழுதிய குழுவிலிருந்து ஒருவர் ஒரு நாள் என் ஆலைக்கு வரட்டும். ஒரே ஒரு பேலட்டை எல்லைக்கு அந்தப் பக்கம் அனுப்பத் தேவையான எல்லாப் படிவங்களையும் என் மேசையில் உட்கார்ந்து அவரே நிரப்பிப் பார்க்கட்டும். எடுத்து வைத்த பன்னிரண்டு கேன்களும் அந்த அளவுகோலும் அதே மேசையில்தான் இருக்கின்றன. தேதியை மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சிறு ஆலையில் பீர் காய்ச்சுபவர்